அரைவாசியில் நின்ற குளியலறை

பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு என் அம்மா தண்ணீர் குடிக்கமாட்டார். தேநீரும் இல்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மிடறு வாயை நனைப்பதற்கு மட்டும். சின்ன வயதில் நான் இதை ஏதோ விரதம் என்றே நினைத்திருந்தேன். வளர்ந்து, பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து, வன்னியில் வீடு வீடாகப் போய்ப் பெண்களோடு கதைக்கிற வேலைக்கு வந்த பிறகுதான் விளங்கியது. அம்மாவைப் போல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நலன்புரி முகாம்களிலும் 2009இல் செட்டிகுளம் மெனிக் பாமிலும் இருந்த பெண்களைக் கேட்டுப் பாருங்கள். இரவில் வெளியே போகவேண்டி வந்துவிடும் என்ற பயத்தில் பகலிலேயே தாகத்தை அடக்கப் பழகியவர்கள் அவர்கள். அதனால் வந்த சலக்கடுப்பையும் சிறுநீர்த் தொற்றையும் வெளியே சொல்ல வெட்கப்பட்டு அடக்கியவர்களும் அவர்கள்தான்.

நாங்கள் வலிகாமம் வடக்கைச் சேர்ந்தவர்கள். 1990 ஆனியில் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது எனக்கு இரண்டு வயது. 1995 ஐப்பசியில் விழுந்த ஷெல்லின் துண்டொன்று அம்மாவின் வலது முழங்காலுக்குள் போனது. துண்டை எடுத்தார்கள், ஆனால் கால் பிறகு மடியவில்லை. அந்தக் காலோடுதான் மல்லாகத்துப் பக்கம் ஒரு முகாமில் என்னை வளர்த்தார். அங்கே மலசலகூடம் பல குடும்பங்களுக்குப் பொது. கதவு இருக்கும், கொண்டி இருக்காது. ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியில் நின்று கதவைப் பிடிக்கவேண்டும். அம்மாவுக்குக் கதவு பிடிப்பது என் வேலை. அப்பா அங்கேயே நோயில் காலமானார்.

2016இல் எங்கள் ஒழுங்கை விடுவிக்கப்பட்டபோது போய்ப் பார்த்தோம். அம்மப்பா கட்டிய வீட்டின் கூரை இல்லை, யன்னல் இல்லை, நிலை இல்லை. மண்டபத்துக்குள் வேம்பு முளைத்து முகட்டுக்கு மேலால் நின்றது. ஆனால் சுவர்கள் நின்றன. சுண்ணக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டிய ஒன்றரை அடிச் சுவர். உதவியாகக் கிடைத்த காசோடு என் சேமிப்பையும் போட்டுக் கூரை போட்டோம், இரண்டு அறையைத் திருத்தினோம். குளியலறை பிறகு பார்க்கலாம் என்று விட்டோம். அனேகமான வீடுகளில் அதுதான் 'பிறகு பார்க்கலாம்' என்று விடப்படுவது. சுவாமியறைக்கு ரைல்ஸ் பதித்துவிட்டு மலசலகூடத்துக்குத் தகரம் சாத்தியிருக்கும் வீடுகளை நான் கிழமைக்கு நாலு காண்கிறேன்.

பழைய மலசலகூடம் வளவின் மூலையில், பனைகளுக்குப் பின்னால், வீட்டிலிருந்து நாற்பது காலடி தூரத்தில் இருந்தது. குந்தியிருக்கும் பீங்கான். மடியாத கால் உள்ளவர் அதில் எப்படி இருப்பார்? ஒரு காலை முன்னுக்கு நீட்டி, சுவரில் கையை ஊன்றி. இதை நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியும். "எழுது பிள்ளை, என்னைப் போல எத்தினை பேர் இருக்கினம்" என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

2018 கார்த்திகையில் ஒரு மழையிரவு, ரோச் லைற்றோடு போன அம்மா வழியில் சறுக்கி விழுந்து கை முறிந்தது. நான் அப்போது கிளிநொச்சியில். அரை மணித்தியாலம் மழைக்குள் கிடந்திருக்கிறார். பக்கத்து வீட்டு மாமியைக் கூப்பிட்டிருந்தால் ஓடி வந்திருப்பார். "ஏனம்மா கூப்பிடேல்லை?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன். "என்னெண்டு கூப்பிடுறது? உடுப்பெல்லாம் நனைஞ்சு கிடந்தன்" என்றார். மழையில் நனைந்ததைச் சொல்லவில்லை என்று எனக்கு விளங்கியது.

எங்கள் வேலையில் நாங்கள் நிரப்பும் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. மலசலகூடம் உண்டா? ஆம், இல்லை. எங்கள் வீட்டுக்கு யாரும் அந்தப் படிவத்தோடு வந்திருந்தால் 'ஆம்' என்று கோடு போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். வன்னியில் ஒரு கை இல்லாத அக்கா ஒருவரின் மலசலகூடத்துக்குள் விறகு அடுக்கியிருந்ததைக் கண்டேன். கட்டிக் கொடுத்தவர்கள் நன்றாகத்தான் கட்டியிருந்தார்கள். ஆனால் கிணற்றிலிருந்து அவ்வளவு தூரம் அவரால் வாளி தூக்க முடியாது. 'பாவிக்க முடிகிறதா?' என்ற கேள்வி படிவத்தில் இல்லை. அன்றிலிருந்து நான் அதை ஓரத்தில் கையால் எழுதிக்கொள்கிறேன்.

2019இல் வேலை தொடங்கினோம். பின் விறாந்தையோடு சேர்ந்து, அம்மப்பா எழுபதுகளில் கட்டிய ஐந்தடிக்கு ஏழடிக் குளிப்பறை ஒன்று இருந்தது. அதையே திருத்தி, கொமட் வைத்து, வீட்டுக்குள்ளாலேயே போகக்கூடியதாக ஆக்குவது திட்டம். முதலில் வந்த மேசன் மலக்குழிக்கு வடக்கு வேலியோரம் அடையாளம் போட்டார். எங்கள் கிணற்றிலிருந்து நல்ல தூரம் என்றார். உண்மைதான். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் பதினெட்டு அடியில் மாமியின் கிணறு. அம்மா தடியை ஊன்றிக்கொண்டு வந்து பார்த்தார். "அப்ப அவள் தண்ணி குடிக்கிறதில்லையோ?" என்றார்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். வலிகாமத்தின் மண் மெல்லியது. நாலடி வெட்டினால் கல். அந்தச் சுண்ணக்கல் முழுவதும் வெடிப்பும் துவாரமும். மழைத்தண்ணீரை அது உறிஞ்சி வைத்திருப்பதால்தான் எமக்குக் கிணறு. அதே துவாரத்தால் குழியின் அழுக்கும் கிணற்றுக்குப் போகிறது. வயலுக்கும் தோட்டத்துக்கும் போடும் உரத்தாலும் மலக்குழிகளாலும் யாழ்ப்பாணத்துக் கிணறுகள் பலவற்றில் நைதரேற்றுக் கூடிப்போயிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைதரேற்றுப் போகாது. போத்தலில் பால்மா கரைத்துக் கொடுக்கும் பச்சைக் குழந்தைக்கு அந்தத் தண்ணீர் ஆபத்து, இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும். காணி துண்டு துண்டாகப் பிரிந்துபோன இந்தக் காலத்தில் குழி வெட்டும்போது எங்கள் கிணற்றை மட்டும் அளந்தால் போதாது, வேலிக்கு அப்பால் உள்ள கிணறுகளையும் அளக்கவேண்டும்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து நாடா பிடித்துப் பார்த்தார். இரண்டு கிணற்றுக்கும் ஐம்பது அடிக்கு மேல் வரும் இடம் தென்மேற்கு மூலை ஒன்றுதான். அங்கே அடியும் சுவரும் சீமெந்து பூசி ஒழுகாத இரண்டு அறைத் தொட்டி கட்டி, அதிலிருந்து வடியும் தண்ணீரை ஆழக் குழிக்குள் விடாமல், மணலும் சல்லியும் போட்ட ஆழமில்லாத வாய்க்காலுக்குள் விட்டோம். கரையில் வாழை வைத்தோம். செலவு கூடத்தான் வந்தது. மேசனுக்கு முகம் கறுத்தது. நிலத்துக்குச் சீமெந்து போட்டு, சுவருக்கு அரைவாசிப் பூச்சும் பூசி, முற்பணத்தில் மிச்சத்தையும் வாங்கிக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. பிறகு 2020இல் கொரோனா முடக்கம். 2021இல் ஆயிரம் ரூபாவை அண்டி நின்ற சீமெந்துப் பை 2022இல் மூவாயிரத்தைத் தொட்டது. ரைல்ஸ், பீங்கான் இறக்குமதிக்கும் 2020 தொடக்கம் கட்டுப்பாடு. கடைகளில் கிடைத்ததைத்தான் எடுக்கலாம். நாலு வருடமாக அந்த அறை கதவில்லாமல் நின்றது. உள்ளே தேங்காயும் பன்னாடையும் போட்டு வைத்திருந்தோம். அம்மா இரவில் ஒரு பழைய பேசினைப் பாவித்தார். விடிய நான் எழும்புவதற்கு முன் அதைக் கழுவி வைத்துவிடுவார்.

2023இல் ஒரு சீட்டு என் பெயருக்கு விழுந்தது. வேலையை முடிக்க இந்த முறை ஒரு பெண்ணைக் கூப்பிட்டேன். வன்னியில் என் வேலையால் பழக்கமான அக்கா. 2009இல் கணவரைத் தொலைத்தவர். வீட்டுத் திட்டத்தில் தன் வீட்டுக்குத் தானே கல் சுமந்து, கலவை குழைத்து, பார்த்துப் பார்த்துக் கரண்டி பிடிக்கப் பழகியவர். பிறகு பயிற்சியும் எடுத்து, இப்போது ரைல்ஸ் பதிப்பதுதான் தொழில். தன் தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் வீட்டிலேயே தங்கினார். மேசன்மாருக்குக் கொடுக்கும் நாட்கூலியைத்தான் கொடுத்தேன். அவருக்கு அது புதினமாக இருந்தது. வழக்கமாகக் குறைத்துத்தான் கொடுப்பார்களாம், கொடுப்பவர்களில் பெண்களும் உண்டாம். ஒழுங்கையால் போன ஒருவர், "பொம்பிளை வைச்ச கல்லு நிக்குமோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். அக்கா நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

வந்தவுடன் ஒரு வாளி தண்ணீரை நிலத்தில் ஊற்றினார். தண்ணீர் துவாரத்துக்குப் போகாமல் கதவுப் பக்கம் ஓடி வந்து எங்கள் காலை நனைத்தது. "இதுக்கு மேல ரைல்ஸ் பதிச்சால் மினுக்கமாய் இருக்கும், தண்ணி முழுக்க உங்கட விறாந்தைக்கு வரும்" என்றார். நாலு வருடத்துக்கு முன் காசு கொடுத்துப் போட்ட நிலத்தை உடைக்கவேண்டும். எனக்கு அழுகை வந்தது. அம்மா மட்டும், "உடை பிள்ளை" என்றார்.

அடிக்குக் கால் அங்குலம் பதியவேண்டும், அதுதான் சாய்வு. ஏழடி அறையில் கதவிலிருந்து துவாரம் வரை ஒன்றேமுக்கால் அங்குலம். அதற்குக் குறைந்தால் தண்ணீர் தேங்கி வழுக்கும், மிகக் கூடினால் கால் ஊன்றமுடியாதவருக்கு நிற்கக் கடினம். நீர்மட்டத்தை வைத்து வைத்து அரை நாள் பார்த்தார்கள். சீமெந்து இறுகிய பின் தண்ணீர் கசியாத பூச்சை இரண்டு தடவை, ஒரு நாள் இடைவெளி விட்டு, சுவரில் ஓரடி உயரம் வரைக்கும் பூசினார்கள். பிறகு துவாரத்தைத் துணியும் பிளாஸ்ரிக் பையும் வைத்து அடைத்து, ஓரங்குலத்துக்குத் தண்ணீர் நிரப்பி, சுவரில் கரியால் கோடு போட்டு ஒரு நாள் முழுக்க விட்டார்கள். அடுத்த நாள் வெளிச்சுவரின் அடி காய்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தோம். ரைல்ஸ் பதித்த பிறகு கசிவைக் கண்டால் எல்லாவற்றையும் பெயர்க்கவேண்டும். இந்த ஒரு நாள் சோதனைக்கு ஒரு சதமும் செலவில்லை. வீட்டு வேலை செய்விக்கும் சகோதரிகள் மேசனிடம் இதைக் கேட்டு வாங்குங்கள், "தேவையில்லை" என்பார்கள், விடாதீர்கள்.

சுவர் வேறு பிரச்சினை. பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், பிறகு தானே மூச்சுவிட்டுக் காயும். அதன்மேல் கனமான சீமெந்துப் பூச்சை அப்படியே பூசினால் பிடிக்காது. முதல் மேசனின் பூச்சை அக்கா கரண்டிக் காம்பால் தட்டிக்கொண்டு போனார். பொந்தாகச் சத்தம் வந்த இடத்தையெல்லாம் கொத்தி எடுத்து, தூசி கழுவி, சுவரை நனைத்து, முதலில் சீமெந்தும் மணலும் கரைத்துச் சொரசொரப்பாக விசிறி அடித்தார். அது இறுகிய பிறகுதான் பூச்சு. ஏழு நாள் காலையும் மாலையும் சுவருக்குத் தண்ணீர் அடித்தது அம்மா, கதிரையில் இருந்துகொண்டு. ரைல்ஸ் நாலடி உயரத்துக்கு மட்டும். அதற்கு மேல் வெள்ளை அடித்துச் சுவரை மூச்சுவிட விட்டோம்.

ரைல்ஸ் நான் 2022இலேயே கடையில் மிஞ்சிக் கிடந்த இரண்டு வகையை மலிவாக எடுத்து வைத்திருந்தேன். மினுமினுப்பான பெரிய வெள்ளையும், மினுக்கமில்லாத சின்னச் சாம்பல் நிறமும். வெள்ளை நிலத்துக்கு, சாம்பல் சுவருக்கு என்பது என் எண்ணம். அக்கா மறுத்துவிட்டார். மினுக்கமானது நனைந்தால் சவர்க்காரம் மாதிரி. சின்னக் கல்லுக்கு இடைவெளி கூட, கால் பிடிக்கும். சாம்பல் நிலத்துக்குப் போனது. பார்வைக்கு அவ்வளவு வடிவில்லை, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கைபிடியைச் சுவரில் பூட்ட முயன்றபோது ஆணி சுண்ணாம்புக்குள் ஆடியது. ஆள் பாரம் அதில் தாங்காது. அதனால் நிலம் உடைத்திருந்த நேரத்திலேயே கொமட்டின் இரு பக்கமும் கொங்கிறீற்றுக்குள் கல்வனைஸ் பைப்பை நட்டு, மேலே வளைத்துச் சுவருக்குள் ஒரு முனையைச் செருகினோம். உயரம் நிலத்திலிருந்து 34 அங்குலம். கொமட்டைச் சின்னப் பீடத்தில் ஏற்றி இருக்கையை 18 அங்குலத்துக்குக் கொண்டு வந்தோம், மடியாத காலோடு எழும்ப அந்த உயரம் உதவும். இறுகியதும் அக்கா பைப்பில் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பார்த்தார். இந்த அளவுகள் புதிதல்ல. மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் ஒழுங்குவிதிகள் எமது நாட்டில் 2006ஆம் ஆண்டிலேயே வர்த்தமானியில் வந்துவிட்டன. அவை பொதுக் கட்டடங்களுக்கு. ஆனால் காலிழந்த ஒரு பெண் ஒரு நாளைக்கு எத்தனை தடவை பொதுக் கட்டடத்துக்குப் போகிறாள்?

கதவில்தான் அம்மாவுக்கும் எனக்கும் சண்டை வந்தது. பழைய வாசலில் இருந்த ஆறங்குலப் படியை உடைத்துச் சமப்படுத்துவதற்கும், பிறகொரு நாள் சக்கர நாற்காலி வேண்டிவந்தாலும் போகக்கூடியதாக 32 அங்குலத்துக்கு வாசலை அகலிப்பதற்கும் சம்மதித்தார். கதவு வெளிப்பக்கம் திறக்கவேண்டும் என்றேன். உள்ளே விழுந்தவர் கதவுக்குக் குறுக்கே கிடந்தால் உள்ளே தள்ளும் கதவைத் திறக்க முடியாது. அதற்கும் சரி என்றார். கொண்டி மட்டும் வெளியாலும் நாணயம் போட்டுத் திறக்கக்கூடிய வகையாகப் போடுவோம் என்று சொன்னதுதான், முகம் மாறிவிட்டது.

"வெளியாலை திறக்கலாமெண்டால் அதுக்கேன் கதவு? இருபது வருசத்துக்கு மேலை கொண்டி இல்லாத கதவுக்குள்ள இருந்தனான். செத்தாலும் பறவாயில்லை, என்ர கதவை நான்தான் பூட்டுவன், நான்தான் திறப்பன்."

விழுந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். கிழமையில் ஐந்து நாள் தனிய இருப்பவர் அவர். 'பாதுகாப்பு' என்ற சொல்லை வேலையில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லுகிறேன். அம்மாவுக்கு அந்தச் சொல்லுக்கு அர்த்தம் உள்ளே இருந்து போடும் கொண்டி. இரண்டு நாள் நாங்கள் சரியாகக் கதைக்கவில்லை. நான் செய்ய நினைத்தது சரியென்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அவர் சொன்னதிலும் பிழை காண முடியவில்லை.

வழி சொன்னது அக்காதான். வெளிப்பக்கம் திறக்கும் கதவின் பிணைச்சல்கள் வெளியில்தான் இருக்கும். ஆணி கழன்று வரும் பிணைச்சலைப் போட்டால், உள்ளே கொண்டி போட்டிருந்தாலும் அவசரத்துக்கு ஆணிகளைத் தட்டி எடுத்துக் கதவையே கழற்றலாம். அந்த வாசல் எப்படியும் விறாந்தைக் கம்பிக் கதவுக்கு உள்ளேதான் இருக்கிறது. அம்மா பிணைச்சலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கழட்டக் கொஞ்ச நேரம் எடுக்கும்தானே?" என்று கேட்டார். எடுக்கும் என்றோம். "அப்ப சரி. அதுக்குள்ள நான் உடுப்பைச் சரி செய்திடுவன்." சுத்தியலும் கம்பிக் கதவின் மற்றத் திறப்பும் எங்கே என்று மாமிக்கு மட்டும் சொல்லி வைத்திருக்கிறோம். சுவிற்சையும் வெளியிலேயே கைக்கெட்டும் உயரத்தில் வைத்தோம், ஈரக்கையால் தொடவேண்டியதில்லை. ட்றிப் சுவிற்ச் வேலை செய்கிறதா என்று மின்வேலை செய்பவர் அமத்திக் காட்டிவிட்டுப் போனார்.

மற்றவை சில்லறை வேலைகள். தொட்டியின் காற்றுக் குழாய் வாய்க்கு நுளம்பு வலை கட்டியது, உயரத்தில் சின்ன யன்னல், வீட்டுக்கு வரும் பெண்பிள்ளைகள் மாதாந்த நாட்களில் துணி வைக்க ஒரு தட்டும் மூடியுள்ள வாளியும். ஒன்று மட்டும் சொல்லவேண்டும். எங்கள் கல்லுத் தண்ணீர் ரைல்ஸிலும் பைப்பிலும் வெள்ளையாகப் படியும். அதைப் போக்கக் கடையில் அசிட் வாங்கி ஊற்றுகிறார்கள். அது கல் இடைவெளியின் சீமெந்தைத் தின்றுவிடும், பிறகு தண்ணீர் அதற்குள்ளால் இறங்கும். குளோரின் கலந்த திரவத்தோடு அசிட்டைச் சேர்த்தால் வரும் புகை நெஞ்சை அடைக்கும், மூடிய அறையில் ஆளையே கொல்லும். வினாகிரியைத் தண்ணீரில் கலந்து துணியில் நனைத்துக் கொஞ்ச நேரம் போர்த்திவிட்டுத் தேய்த்தால் போதும். கிழமைக்கொரு முறை காய்ந்த துணியால் துடைத்தால் அதுவும் தேவைப்படாது.

பதினேழு நாளில் வேலை முடிந்தது. அக்கா போகும்போது சாம்பல் கல்லில் நாலை எடுத்துத் தந்து, எங்கேயும் வெடித்தால் மாற்ற வைத்திருக்கச் சொன்னார். இப்போது எங்கள் ஒழுங்கையிலேயே இன்னும் இரண்டு வீட்டில் அவருக்கு வேலை. 'நிக்குமோ' என்று கேட்டவரின் வீடு அதில் ஒன்று.

முதல் ஒரு கிழமை அம்மா அதைப் பாவிக்கவில்லை. சீமெந்து காயட்டும் என்றார். காய்ந்துவிட்டது என்றதும், விருந்தாட்கள் வந்தால் துப்புரவாக இருக்கவேண்டும் என்றார். பேசின் கட்டிலுக்குக் கீழேயே இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது சனி இரவு கொண்டி விழும் சத்தம் கேட்டு விழித்தேன். எழும்பிப் போகாமல் படுத்திருந்தேன். தண்ணீர் ஊற்றும் சத்தம், பைப்பைப் பிடித்து எழும்பும் மூச்சு, பிறகு கொண்டி திறக்கும் சத்தம்.

இப்போது இரவு ஏழு மணிக்கு இஞ்சி போட்ட தேநீர் ஒன்று கேட்கிறார். சீட்டுக்கு இன்னும் பதினொரு மாதம் கட்டவேண்டும். கதவுக்குப் பெயின்ற் அடிக்கவில்லை, தைக்கு முன் அடிக்கவேண்டும்.